மண்ணும் பயிரும் படிக்க விரும்பும் மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகளுக்கு: காசு குறைந்த வழிகள்

பல்கலைக்கழக அனுமதிக் கைநூலில் "மண்ணியல்" என்று தேடினால் அப்படி ஒரு கற்கைநெறி கிடைக்காது. அதைப் பார்த்துவிட்டு, இந்த நாட்டில் இதைப் படிக்க முடியாது போல என்று வேறு பக்கம் போன பிள்ளைகளை எனக்குத் தெரியும். படிக்கலாம். கல்விக் கட்டணம் ஒரு சதமும் கட்டாமல் படிக்கலாம். எங்கே, எந்தப் பெயரில், எந்த நேரத்தில் கேட்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எங்களுடையது படுவான்கரையில் வெள்ளாண்மை செய்யும் குடும்பம். தங்கச்சி விவசாயம் படிக்க வேண்டும் என்று சொன்னபோது வழிகாட்ட வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. விசாரித்த இடமெல்லாம் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். ஓர் அலுவலகத்தில் சொன்னதை அடுத்த அலுவலகத்தில் மறுத்தார்கள். அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இது நேரத்தையும் காசையும் மிச்சப்படுத்த வேண்டும்.

1. எந்தப் பட்டத்தைத் தேடுவது

நீங்கள் தேட வேண்டியது விவசாயப் பட்டம், அதாவது நான்கு வருட விவசாய விஞ்ஞானமாணி சிறப்புப் பட்டம். முதல் வருடங்களில் எல்லாரும் எல்லாவற்றையும் படிப்பார்கள்: பயிர், மண், பூச்சி, நோய், கால்நடை, பொருளியல், எந்திரவியல், புள்ளிவிபரம். கடைசிக் கட்டத்தில்தான் மண்ணியல் பக்கம் போய் ஆய்வு செய்வார்கள்.

மண்ணியலை எந்தத் துறை கற்பிக்கிறது என்பது இடத்துக்கு இடம் மாறும். பேராதனையில் மண்ணியலுக்கென்றே தனித்துறை இருக்கிறது. ருகுணையிலும் அப்படித்தான். வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடத்தில் அது விவசாய இரசாயனவியல் துறைக்குள் வருகிறது. பயிரைப் பற்றிய பகுதி பயிர் விஞ்ஞானத் துறையில். ஆகவே துறையின் பெயரில் "மண்" இல்லையே என்று கிழக்கை ஒதுக்கிவிட வேண்டாம்.

எந்தப் பீடத்திலும் கேட்க வேண்டிய ஒரு கேள்வி இது: "கடைசி வருடத்தில் மண்ணியல் பக்கம் போக எத்தனை பேரை எடுப்பீர்கள், எதை வைத்துத் தெரிவு செய்வீர்கள்?" முதல் வருடங்களின் புள்ளிகளைப் பார்த்துத்தான் இடம் கொடுப்பார்கள் என்றால், முதல் நாளிலிருந்தே கவனமாகப் படிக்க வேண்டும் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும்.

2. உயர்தரப் பாடங்கள் பொருந்துகின்றனவா

உயிரியல் விஞ்ஞானப் பிரிவுப் பிள்ளைகளுக்குத்தான் இந்தப் பட்டம் நேரடியாகத் திறந்திருக்கிறது. இரசாயனவியலை விட்டுவிட்டு இந்தப் பக்கம் வர முடியாது. ஒரு நல்ல விஷயம்: மருத்துவத்துக்குப் பௌதிகவியல் கட்டாயம், விவசாயத்துக்கு உயிரியல், இரசாயனவியலோடு பௌதிகவியலுக்குப் பதிலாக விவசாய விஞ்ஞானம் எடுத்தவர்களும் விண்ணப்பிக்கலாம். பௌதிகவியல் பிடிக்காத, ஆனால் வயலும் தோட்டமும் பிடித்த பிள்ளை பத்தாம், பதினோராம் ஆண்டிலேயே இதை அறிந்திருந்தால் பாடத் தெரிவை நிதானமாகச் செய்யலாம்.

தொழினுட்பப் பிரிவில் உயிர்முறைமைகள் தொழினுட்பவியல் படிக்கும் பிள்ளைகளுக்கு வேறு வழி இருக்கிறது. ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் தொழினுட்ப பீடத்தில் அதே பெயரில் ஒரு சிறப்புப் பட்டம் உண்டு. அம்பாறை மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய தூரம். இது விவசாயப் பட்டத்துக்குச் சமமா என்று பலர் கேட்பார்கள். படிப்பில் நிறைய ஒற்றுமை உண்டு, ஆனால் அரச வேலைக்கான அறிவித்தல்களில் பட்டத்தின் பெயரைக் குறிப்பிட்டே கேட்பார்கள். விவசாய உத்தியோகத்தர் ஆக வேண்டும் என்ற எண்ணம் இருந்தால், இலங்கை விவசாய சேவைக்கான பழைய வர்த்தமானி அறிவித்தல் ஒன்றை எடுத்து, எந்தெந்தப் பட்டம் ஏற்கப்படுகிறது என்று பார்த்துவிட்டுத் தீர்மானியுங்கள்.

மூன்று பாடமும் சித்தியடைந்தாலும், பொதுச் சாதாரண பரீட்சையில் குறைந்தது 30 புள்ளி வேண்டும். பிள்ளைகள் அலட்சியமாக எழுதுவது இந்தத் தாளைத்தான்.

3. இசட் புள்ளியும் மாவட்டமும்

இசட் புள்ளி என்பது உயர்தரப் பெறுபேறுகளைச் சமப்படுத்திக் கணக்கிடும் அனுமதிப் புள்ளி. அதை வைத்து நிரப்பும் இடங்கள் மூன்று வகையாகப் பிரிக்கப்படுகின்றன. 40 வீதம் நாடு முழுவதற்குமான திறமை வரிசை. 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி. மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று அடையாளம் காணப்பட்ட மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஆகவே கொழும்புப் பிள்ளையின் வெட்டுப்புள்ளியைக் கேள்விப்பட்டு மனம் உடைய வேண்டியதில்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் ஒவ்வொரு வருடத்து வெட்டுப்புள்ளிகளும் மாவட்டவாரியாக இருக்கின்றன. கடைசி மூன்று வருடங்களை எடுத்து, உங்கள் மாவட்டத்து நிரலை மட்டும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ரியூசன் வாசலில் கேட்கும் கதைகளைவிட அந்த ஒரு பக்கம் நம்பகமானது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. எங்கள் பக்கத்தில் மாவட்ட எல்லை ஊருக்கு நடுவே போகிறது. பெரியநீலாவணை அம்பாறை மாவட்டம். அடுத்து வரும் பெரியகல்லாறு மட்டக்களப்பு மாவட்டம். வீடு ஒரு பக்கம், பள்ளிக்கூடம் மறுபக்கம் என்று படிக்கும் பிள்ளைகள் நிறையப் பேர். அனுமதிக்கான மாவட்டத்தைத் தீர்மானிக்கும்போது கடைசி மூன்று வருடம் படித்த பாடசாலை முக்கியமாகப் பார்க்கப்படும். உயர்தரத்துக்காகக் கண்டிக்கோ யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ பிள்ளையை அனுப்புகிறவர்கள், அந்த மாற்றத்தால் மாவட்டமும் மாறுமா என்று முதலில் பாருங்கள். கைநூலில் இதற்கென்று ஒரு பகுதி இருக்கிறது. அதைச் சொல்லுக்குச் சொல் வாசியுங்கள். பாடசாலை மாறியவர்கள் இரண்டு பாடசாலைகளின் விடுகைப் பத்திரங்களையும் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.

4. விண்ணப்பமும் தெரிவு வரிசையும்

நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இந்தப் பகுதியைத்தான். பெறுபேறு வந்து சில காலத்தில் ஆணைக்குழு விண்ணப்பம் கோரும். இணையவழியில் நிரப்ப வேண்டும். கொடுக்கும் அவகாசம் கிழமைக் கணக்கில்தான் இருக்கும். கடைசி நாட்களில் இணையத்தளம் மெதுவாகிவிடும். அந்த நாட்களுக்கு வைத்திருக்காதீர்கள்.

விண்ணப்பத்தில் நீங்கள் தெரிவு செய்வது கற்கைநெறியும் பல்கலைக்கழகமும் சேர்ந்த குறியீட்டை. "விவசாயம்" என்ற பெயரில் வரும் குறியீடுகளில் கிழக்கு, யாழ்ப்பாணம், ரஜரட்ட போன்றவை இருக்கும். பேராதனை அந்தப் பெயரின் கீழ் வராது. அங்கே "விவசாயத் தொழினுட்பமும் முகாமைத்துவமும்" என்று வேறு கற்கைநெறிப் பெயர், வேறு குறியீடு. விவசாயம் என்று இருப்பதை மட்டும் போட்டுவிட்டுப் பேராதனையும் சேர்ந்துவிட்டது என்று நினைத்திருந்தவர்கள் உண்டு. பதுளையில் பசறை வீதியில் உள்ள ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் ஏற்றுமதி விவசாயம் என்று இன்னொன்று. அதற்கும் தனிக் குறியீடு. கைநூலின் கற்கைநெறிப் பட்டியலை முதலிலிருந்து கடைசி வரை, விவசாயம், உணவு, கால்நடை, தோட்டப் பயிர் என்ற சொற்கள் வரும் இடமெல்லாம் பென்சிலால் கோடிட்டுக்கொண்டு ஒருமுறை வாசியுங்கள்.

வரிசையைப் போடும்போது "எனக்கு எது கிடைக்கும்" என்று யோசிக்க வேண்டாம், "எனக்கு எது வேண்டும்" என்று யோசியுங்கள். கணினி உங்கள் முதல் தெரிவிலிருந்து பார்த்துக்கொண்டு வந்து, புள்ளி போதுமான முதல் இடத்தில் நிறுத்தும். மேலே ஒரு கடினமான தெரிவைப் போட்டதால் கீழே உள்ளது கைவிட்டுப் போகாது. கீழே போட வேண்டியதை மேலே போட்டால்தான் நட்டம்.

எந்த இடம் நல்லது? என் கருத்து இது. செலவுதான் முதல் கவலை என்றால் கிழக்குப் பல்கலைக்கழகம். வந்தாறுமூலை திருகோணமலை வீதியில் இருக்கிறது. ஏறாவூர், செங்கலடி, வாழைச்சேனைப் பிள்ளைகள் தினமும் போய்வரலாம். கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. படிக்கும் மண்ணும் எங்கள் மண்தான்: கரையோர மணல், உள்ளே செங்கபில மண், வாவி ஓரத்து உவர் வயல். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் யாழ் நகரில் இல்லை, கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. இதைத் தெரியாமல் யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் வீட்டை நம்பித் திட்டம் போடாதீர்கள். ருகுணையின் பீடமும் மாத்தறை நகரில் இல்லை, கம்புறுபிட்டிக்குப் பக்கத்தில் மாபலானையில். பேராதனைக்கு எங்கள் பக்கத்திலிருந்து மகாஓயா வழியாகக் கண்டி பஸ் இருக்கிறது. மண்ணியலில் முதுமாணி வரை போக ஆசையுள்ள பிள்ளைக்குப் பேராதனையில் ஒரு வசதி: விவசாயப் பட்டப்பின் கல்வி நிறுவகம் அங்கேதான் இருக்கிறது.

5. கடதாசிகளை முன்கூட்டியே சேருங்கள்

பரீட்சை முடிந்து பெறுபேறு வரும் வரை மாதக் கணக்கில் நேரம் கிடைக்கும். கடதாசி வேலையை அந்த இடைவெளியில் முடியுங்கள். பெறுபேறு வந்த பிறகு பிரதேச செயலகத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் நிற்பார்கள்.

தேவைப்படுபவை: தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழின் புதிய பிரதி, சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகள், பாடசாலை விடுகைப் பத்திரம், கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழ், வாக்காளர் இடாப்பில் பெற்றோரின் பெயர் உள்ள பக்கத்தின் பிரதி, பெற்றோரின் வருமானத்துக்கான ஆதாரம். அப்பாவோ அம்மாவோ அரச உத்தியோகம் என்றால் சம்பளச் சான்று போதும். வயல், மீன்பிடி, கூலி என்றால் ஜீ.எஸ்.ஸிடம் (கிராம உத்தியோகத்தரிடம்) வருமானச் சான்றிதழ் எடுத்துப் பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வாங்க வேண்டும். ஜீ.எஸ். எந்த நாள் அலுவலகத்தில் இருப்பார் என்று கேட்டுக்கொண்டு போங்கள். மேலொப்பம் அதே நாளில் கிடைக்காமல் போகலாம்.

பெயர்ப் பிரச்சினை எங்கள் ஆட்களுக்கு அதிகம். பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து, அடையாள அட்டையில் வேறு எழுத்து, பரீட்சைப் பெறுபேற்றில் தகப்பன் பெயரின் முதலெழுத்து மட்டும். மூன்றையும் மேசையில் பக்கத்துப் பக்கமாக வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடித்து வையுங்கள். பிறப்புச் சான்றிதழிலேயே திருத்தம் தேவையென்றால் அது பதிவாளர் அலுவலக வேலை. காலம் எடுக்கும், ஆகவே உயர்தரம் படிக்கும்போதே தொடங்குவது நல்லது. வெள்ளத்திலும் இடம்பெயர்விலும் பத்திரங்கள் போன குடும்பங்கள் இன்னும் முன்கூட்டியே தொடங்க வேண்டும்.

எல்லாவற்றையும் தொலைபேசியில் தெளிவாகப் படம் எடுத்து, மின்னஞ்சலுக்கும் ஒருமுறை அனுப்பி வையுங்கள். மூலப் பிரதிகளை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள். பார்த்துவிட்டுத் திருப்பித் தரச் சொல்லுங்கள்.

6. உண்மையான செலவு எங்கே வரும்

அரச பல்கலைக்கழகத்தில் கல்விக் கட்டணம் இல்லை. பதிவுக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் சிறியவை. காசு கரைவது சாப்பாட்டிலும் போர்டிங்கிலும் பயணத்திலும்.

விடுதி பொதுவாக முதல் வருடத்துக்கும் கடைசி வருடத்துக்கும் கிடைக்கும். நடுவில் வெளியே அறை எடுக்க வேண்டிவரலாம். ஆகவே முதல் வருடக் கணக்கை நான்கால் பெருக்கி மொத்தச் செலவு என்று எடுத்தால் பிழைக்கும். இரண்டாம், மூன்றாம் வருடத்துக்கு அறை வாடகையைத் தனியாகச் சேருங்கள்.

விவசாயப் படிப்புக்கென்றே சில செலவுகள் உண்டு. ஆய்வுகூட மேலங்கி, வயலுக்கான பூட்ஸ், தொப்பி, பூச்சி சேகரிக்கும் பெட்டி, தாவர மாதிரி ஒட்டும் தாள்கள், களப்பயணத்தில் கைச்செலவு. மண்ணியல் செய்முறையில் குழி வெட்டி, படைபடையாக மண் எடுத்து, நிறம் பார்த்து, கையில் பிசைந்து இழையமைப்புப் பார்ப்பார்கள். உடுப்பு பழுதாகும், ஆகவே பழைய உடுப்பு இரண்டு தனியாகக் கொண்டுபோகச் சொல்லுங்கள். மடிக்கணினி முதல் வருடமே புதிதாக வாங்க வேண்டும் என்பதில்லை. புள்ளிவிபரமும் ஆய்வறிக்கையும் வரும்போது கட்டாயம் தேவைப்படும்.

7. மகாபொலவும் பர்சரியும்

2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொலப் புலமைப்பரிசில் மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாகவும், பர்சரி என்ற உதவித்தொகை 4,000 இலிருந்து 6,500 ஆகவும் கூட்டப்பட்டன. நீங்கள் சேரும் வருடத்துத் தொகையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வருடத்துக்குப் பத்துத் தவணை என்று கணக்குப் போடுங்கள். பன்னிரண்டு என்று எண்ணி வீட்டுத் திட்டம் போட வேண்டாம்.

முக்கியமான விஷயம்: முதல் தவணை கைக்கு வரச் சில மாதங்கள் பிடிக்கும். அந்த மாதங்களுக்கான சாப்பாட்டுக் காசும் வாடகையும் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பெரும்போக அறுவடைக் காசு மாசி, பங்குனியில் வரும். பல்கலைக்கழகம் தொடங்கும் திகதி அதோடு ஒத்துவரும் என்று சொல்ல முடியாது. நெல்லை விற்றவுடன் ஒரு பகுதியைப் பிள்ளையின் கணக்கில் தனியாகப் போட்டு வைப்பதுதான் எனக்குத் தெரிந்த நல்ல வழி. வட்டிக்கு எடுத்து அனுப்பும் நிலைமைக்குப் போக வேண்டாம்.

மகாபொல கிடைக்காதவர்கள் பர்சரிக்குப் பல்கலைக்கழகத்தின் மாணவர் நலப் பிரிவில் கேட்க வேண்டும். கேட்காமல் விட்டால் யாரும் தேடி வந்து தரமாட்டார்கள்.

8. புள்ளி காணாவிட்டால்

உயர்தரம் மூன்று முறை எழுதலாம், ஆனால் மூன்று வருடமும் வீட்டில் இருந்து எழுதுவது எல்லாருக்கும் நல்லதல்ல. இலவசமாகவோ குறைந்த செலவிலோ படிக்க எங்கள் பகுதியிலேயே இடங்கள் இருக்கின்றன.

அம்பாறை ஹார்டி உயர் தொழில்நுட்பவியல் நிறுவனத்தில் விவசாயத்தில் உயர் தேசிய டிப்ளோமா இருக்கிறது. முழுநேரப் படிப்புக்குக் கட்டணம் இல்லை. விவசாயத் திணைக்களம் நடத்தும் விவசாயப் பாடசாலைகளில் ஒன்று அட்டாளைச்சேனைப் பக்கம் பாலமுனையில் இருக்கிறது, வவுனியாவிலும் ஒன்று. அங்கே கிடைப்பது என்.வி.கியூ. (தேசிய தொழிற் தகைமை) மட்டத் தேசிய டிப்ளோமா. விவசாயப் போதனாசிரியர் வேலைக்கு ஆட்கள் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் வருகிறார்கள். வயலில் விவசாயிகளோடு வேலை செய்ய ஆசைப்படும் பிள்ளைக்குப் பட்டத்தைவிட இது நேரான வழியாகவும் இருக்கலாம்.

டிப்ளோமா பட்டம் ஆகாது. என்.வி.கியூ. வரிசையில் 5 டிப்ளோமா, 6 உயர் டிப்ளோமா, 7 தான் பட்டம். "இதை முடித்தால் பட்டத்துக்கு நேரே போகலாம்" என்று யாராவது சொன்னால், எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பட்டம், எத்தனையாம் வருடத்தில் சேர்ப்பார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

திறந்த பல்கலைக்கழகத்துக்கு மட்டக்களப்பில் பிராந்திய நிலையம் இருக்கிறது. விவசாயம் சார்ந்த பட்டப்படிப்பும் அங்கே உண்டு. கட்டணம் கட்ட வேண்டும், ஆனால் பாடங்களின்படி பகுதி பகுதியாகக் கட்டலாம், வேலை செய்துகொண்டே படிக்கலாம். செய்முறை வகுப்புகளும் பரீட்சைகளும் எங்கே நடக்கும் என்று முதலில் கேளுங்கள். கொழும்பு நாவலைக்குப் போக வேண்டியிருந்தால் அந்தப் பயணத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

9. காசு கேட்கும் இடங்களில் கேட்க வேண்டியவை

"வெளிநாட்டுப் பட்டம், இங்கேயே படிக்கலாம்" என்று அழகான புத்தகத்தோடு வருகிறவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள். பட்டம் தருவது எந்தப் பல்கலைக்கழகம், அது மானியங்கள் ஆணைக்குழு ஏற்கும் பட்டியலில் இருக்கிறதா? இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் இது எத்தனையாம் மட்டம்? (மூன்று வருட இளமாணி 5, நான்கு வருட சிறப்புப் பட்டம் 6.) மண் ஆய்வுகூடமும் செய்கைப் பண்ணையும் எங்கே இருக்கின்றன, நான் போய்ப் பார்க்கலாமா?

மூன்றாவது கேள்விக்குப் பதில் இழுபட்டால் எழும்பி வந்துவிடுங்கள். மண்ணைத் தொடாமல் மண்ணியல் படிக்க முடியாது. எங்கள் உறவுக்காரப் பிள்ளை ஒருவர் ஓர் இடத்தில் பதிவுப் பணம் கட்டிவிட்டு, திருப்பிக் கேட்டபோது கிடைக்கவே இல்லை. பணம் கட்டும் முன் திருப்பிக் கொடுக்கும் நிபந்தனையை எழுத்தில் வாங்குங்கள். நகையை அடகு வைத்துக் கட்டும் காசு என்றால் இன்னும் இரண்டு நாள் பொறுத்து விசாரியுங்கள்.

10. தமிழ்நாட்டில் படிப்பதென்றால்

கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இந்தத் துறையில் பெரிய பெயர். ஆனால் சொந்தக் காசில் போகிற வெளிநாட்டு மாணவருக்குத் தனி இடஒதுக்கீடு, தனிக் கட்டணம். உள்ளூர்ப் பிள்ளைகள் கட்டும் தொகையைப் பார்த்து ஏமாற வேண்டாம். புலமைப்பரிசில் என்றால் இலங்கை மாணவருக்கான இந்திய அரசின் நேரு ஞாபகார்த்தப் புலமைப்பரிசில் பட்டப்படிப்புக்கு இருக்கிறது. கொழும்பு இந்திய உயர்ஸ்தானிகராலயமும் கல்வி அமைச்சும் அறிவிக்கும்போது, அந்த வருடம் விவசாயம் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். சான்றிதழ்களைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்துக்கு மாற்றி, வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் அத்தாட்சிப்படுத்த வேண்டும். கடவுச்சீட்டு முன்பே கையில் இருக்கட்டும்.

11. இடம் கிடைத்த பிறகு

பதிவு செய்யும் முன் கைநூலில் ஒரு நிபந்தனையைத் தேடி வாசியுங்கள்: ஒரு கற்கைநெறிக்குப் பதிவு செய்தவர் அடுத்த முறை வேறொன்றுக்குத் தெரிவாக முடியுமா என்பது. அடுத்த தடவை எழுதிக் கால்நடை மருத்துவமோ வேறு ஏதோ முயற்சி செய்ய நினைக்கும் பிள்ளை, இதைத் தெரியாமல் பதிவு செய்துவிட்டுப் பிறகு அழுவதில் பயனில்லை. பதிவுக்கான கடைசித் திகதியைத் தவறவிட்டால் இடம் போய்விடும். காலியான இடங்களை நிரப்பும்போது அது வேறு பிள்ளைக்குப் போகும். மறுபக்கம், முதல் பட்டியலில் பெயர் வராதவர்கள் மேன்முறையீட்டுக் காலத்தையும் வெற்றிட நிரப்பலையும் விடாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அப்புறம் ஆங்கிலம். விவசாய பீடங்களில் விரிவுரையும் பரீட்சையும் ஆங்கிலத்தில். பதின்மூன்று வருடம் தமிழில் படித்த பிள்ளைக்கு முதல் அரையாண்டு மூச்சு முட்டும். அனுமதி கிடைத்ததிலிருந்து வகுப்பு தொடங்கும் வரை வரும் மாதங்களில், உயர்தர உயிரியல், இரசாயனவியல் புத்தகங்களின் ஆங்கிலப் பதிப்பை எடுத்து, ஏற்கனவே தெரிந்த பாடத்தையே ஆங்கிலத்தில் வாசிக்கச் சொல்லுங்கள். பொது ஆங்கில வகுப்புக்குக் காசு கொடுப்பதைவிட இது பயன் தரும். பாடம் தெரிந்திருப்பதால் சொற்கள் தாமாகப் பிடிபடும். நேரம் இருந்தால் கரடியனாறு விவசாயப் பண்ணைக்கோ சம்மாந்துறை நெல் ஆராய்ச்சி நிலையத்துக்கோ ஒருநாள் போய், அனுமதி கேட்டுச் சுற்றிப் பார்த்துவிட்டு வரட்டும். அங்கே வேலை செய்கிறவர்களில் பலர் இந்தப் பீடங்களிலும் பாடசாலைகளிலும் படித்து வந்தவர்கள். எங்கே படித்தீர்கள், எந்த வருடம் கஷ்டமாக இருந்தது, எந்தப் பாடத்துக்கு எந்தப் புத்தகம் என்று கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள்.